புதுப்பிப்பு: விண்டோஸ் + லினக்ஸ், ஒன்றின் பார்ட்டிஷன் மற்றதுக்குத் தெரியாமல்

ஒரே டிஸ்க்கைப் பார்ட்டிஷன்களாக, அதாவது தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து இரண்டு ஓஎஸ் (விண்டோஸ், லினக்ஸ்), ஆனால் ஒன்றிலிருந்து மற்றதன் ஃபைல்களைத் தவறியும் தொடக்கூடாது, எப்படி என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது நன்றாக ஓடுகிறது.

விண்டோஸ் பக்கம் எளிது. விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியில் லினக்ஸ் பார்ட்டிஷனின் டிரைவ் எழுத்தை (D:, E: மாதிரி) எடுத்துவிட்டால் போதும். விண்டோஸால் அந்தப் பார்ட்டிஷனைப் படிக்க முடியாது, அதனால் எழுத்து இருந்தால்தான் "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்கும், அவசரத்தில் யாராவது சரி என்று அழுத்திவிட்டால் டேட்டா போச்சு. எனக்கு இருந்த பெரிய பயமே அதுதான்.

லினக்ஸில் ஒரு யூடெவ் ரூல் (டிஸ்க் போன்ற சாதனங்களை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும் விதி) எழுதி, விண்டோஸ் பார்ட்டிஷனுக்கு யூடிஸ்க்ஸ் இக்னோர் (UDISKS_IGNORE, "இதைக் காட்டாதே" என்ற அமைப்பு) மதிப்பை 1 ஆக வைத்தேன். ஃபைல் மேனேஜரின் இடப்பக்கப் பட்டியலிலிருந்து அது மறைந்துவிட்டது. ரூலில் பார்ட்டிஷனைக் குறிக்க எஸ்டிஏ3 (sda3) மாதிரி லினக்ஸ் வைக்கும் பெயரைப் போடாதீர்கள், அது மாறக்கூடும். யூயூஐடி (UUID, பார்ட்டிஷனின் தனி அடையாள எண்) போடுங்கள்.

இஎஃப்ஐ பார்ட்டிஷனை (ஓஎஸ்களைத் தொடங்கி வைக்கும் ஃபைல்கள் இருக்கும் சிறு பகுதி) மட்டும் தொடவே இல்லை, இரண்டும் அதிலிருந்துதான் பூட் ஆகின்றன.

இப்படி மறைத்தால் பாதுகாப்பா என்று ஒருவர் கேட்டிருந்தார். மறைப்பது பூட்டுவது ஆகாது. லைவ் யூஎஸ்பி (யூஎஸ்பியிலிருந்தே நேரடியாக ஓடும் ஓஎஸ்) போட்டால் எல்லாமே தெரியும். ரகசியம் என்றால் விண்டோஸின் பிட்லாக்கர், லினக்ஸின் லக்ஸ் (LUKS) மாதிரி என்கிரிப்ஷன்தான், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி டேட்டாவை மாற்றி வைப்பதுதான் வழி. லினக்ஸ் பக்கம் லக்ஸ் போட்டாயிற்று, விண்டோஸ் பக்கம் இனிமேல்தான்.