ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 ஏன் இவ்வளவு பிரகாசம்? யாராவது விளக்குங்களேன்

வணக்கம் நண்பர்களே. எங்கள் பள்ளி அறிவியல் மன்றத்தில் முதல் விண்மீன் திரள்கள் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஓர் இடத்தில் தட்டுகிறது. வானியல் படித்தவர்கள் உதவ வேண்டும்.

தலைப்பில் உள்ள திரளை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி மூலம் கண்டறிந்ததாக 2024இல் அறிவித்தார்கள். பெருவெடிப்புக்குப் பின் சுமார் 30 கோடி ஆண்டுகளில் அது எப்படி இருந்ததோ, அப்படித்தான் இப்போது நமக்குத் தெரிகிறது. குறுக்களவு 1,600 ஒளியாண்டுகளுக்குச் சற்று மேல். நம் பால்வீதியோ சுமார் ஒரு லட்சம்! இத்தனைச் சின்னது, பழைய கணிப்புகளை மிஞ்சி ஒளிர்கிறது. ஒளி ஒரே புள்ளியிலிருந்து வராமல் பரவலாக வருவதால், பெரும்பகுதி விண்மீன்களின் ஒளிதான், கருந்துளையில் விழும் வாயு சூடாகி ஒளிர்வதால் வருவதல்ல என்கிறார்கள். சரி, அதுவரை புரிகிறது.

அப்புறம் 2025இல் சிலியில் உள்ள ஆல்மா தொலைநோக்கி வழியாக அதில் ஆக்சிஜனும் தெரிந்தது. ஆக்சிஜன் விண்மீன்களுக்குள் உருவாவது; கனமான விண்மீன்கள் சில பத்து லட்சம் ஆண்டுகளிலேயே வெடித்து அதை வெளியே சிதறிவிடும் என்பதால் எனக்கு அதில் பெரிய ஆச்சரியம் இல்லை.

பிரகாசம்தான் இடிக்கிறது. வாயு மளமளவென்று விண்மீன்களாக மாறியதா? விண்மீன் பிறப்பு விட்டுவிட்டு நடந்து, அதன் உச்சத்தில் நாம் பார்க்கிறோமா? அல்லது கனமான விண்மீன்களே அதிகம் பிறந்தனவா? எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது. இவற்றைத் தொலைநோக்கித் தரவுகளை வைத்து எப்படிப் பிரித்தறிவார்கள்?

கேட்கப்போவது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். சமன்பாடு வேண்டாம், தமிழில் நல்ல படம் இருந்தால் கமெண்டில் போடுங்கள்.