கேமரா பைக்கு ஒரு சொல் வேண்டும் (வெள்ளிக்கிழமைக்குள்)

அனைவருக்கும் வணக்கம்.

பாலிடெக்னிக் மாணவர்களுக்கான ஒளிப்படக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். லென்ஸ், ஷட்டர் எல்லாம் தாண்டியாகிவிட்டது. எந்தப் பை வாங்குவது என்று சொல்லும் நான்கு பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். தோளில் தொங்குவது, முதுகில் மாட்டுவது, மார்புக்குக் குறுக்கே போட்டுத் தேவையானபோது முன்னால் இழுத்துக்கொள்ளும் ஸ்லிங், இந்த மூன்றுக்கும் பெயர் வேண்டும். மூன்றுக்கும் சேர்த்து ஒரு பொதுச்சொல்லும் வேண்டும். ஸ்லிங் பையை இயந்திர மொழிபெயர்ப்பு ‘கவண் பை’ என்கிறது. தினைப்புனத்தில் கிளி விரட்டவா போகிறோம்?

– வா., திருச்சி

* * *

அம்மா,

புதிதாக ஒன்றும் ஆக்க வேண்டாம், இரண்டாயிரம் ஆண்டுகளாக இருக்கிறது: கலப்பை. அதியமான் பரிசில் தரக் காலம் தாழ்த்தியபோது ஔவை என்ன சொல்லிக்கொண்டு கிளம்பினார்? ‘காவினெம் கலனே, சுருக்கினெம் கலப்பை’ (புறம் 206). கலம் + பை = கலப்பை; மரம் + பெட்டி மரப்பெட்டி ஆவது போல. இசைக்கருவிகளைப் போட்டுக் கட்டிச் சுமந்த பை. மலைபடுகடாமும் கூத்தரைக் ‘காய கலப்பையிர்’ என்றுதான் விளிக்கிறது. கருவி, கலைஞன், ஊர் ஊராகப் போகும் பிழைப்பு எல்லாம் பொருந்துகிறதே. ‘எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே.’

தோள் + பை என்பதைத் தோட்பை என்றே எழுதுக. நன்னூல் 227.

– பு., மதுரை

* * *

ஐயா, நான் இருபது வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறவன். சோறு உண்டு, ஆனால் கடைசிப் பந்தியில், ரசம் மட்டும் மிஞ்சும்போது. கலப்பை என்று அச்சடித்தால் பையன்கள் ஏர் ஓட்டுகிற பாடம் என்று நினைப்பார்கள். தொழிலில் எல்லாரும் ‘கேமரா பேக்’ என்கிறோம். தமிழில் வேண்டுமென்றால் கேமரா பை. முடிந்தது.

பெயரை விடுங்கள், பாடத்தில் இதை எழுதியிருக்கிறார்களா பாருங்கள்: ஒரு கேமரா பாடி, ஒரு 24-70 லென்ஸ், ஒரு 70-200 லென்ஸ், ஃபிளாஷ், பேட்டரி எல்லாம் சேர்ந்தால் நாலு கிலோ. ஒற்றைத் தோளில் போட்டால் சாயங்காலம் கழுத்தைத் திருப்ப முடியாது. முதுகில் போட்டால் வலி இல்லை, ஆனால் லென்ஸ் மாற்றக் கழற்றிக் கீழே வைக்க வேண்டும், அதற்குள் தாலி கட்டி முடிந்துவிடும். அப்புறம் வெல்க்ரோ. கெட்டிமேளத்துக்கு முந்தின அமைதியில் மூடியைப் பர்ர்ரென்று பிரித்து, மொத்த மண்டபமும் என்னைத் திரும்பிப் பார்த்த அனுபவம் உண்டு. ஜிப் வைத்த பைதான் நல்லது.

– ர., கும்பகோணம்

* * *

வணக்கம். ஈழத்தமிழர் நாங்கள் ‘கமரா’ என்று எழுதுவோம், நீங்கள் கேமரா. அதைத் தமிழாக்கிப் படக்கருவிப்பை என்று வைத்தால் இரண்டு பேருக்கும் பொது. ஐயாவின் தோட்பைக்கு ஒரு கேள்வி: தோள்பட்டையைத் தோட்பட்டை என்று யார் எழுதுகிறார்கள்?

பில்லிங்ஹாம் என்ற ஆங்கிலேயப் பை 1973-இல் தூண்டில்காரர்களுக்குத் தைத்தது. நியூயார்க் படப்பிடிப்பாளர்கள் அதில் கமராவைப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். பிறகுதான் கம்பனி விழித்துக்கொண்டு கமரா பை தைத்தது. என்ன போடுகிறோமோ அதுதான் பெயர்.

– க., டொரன்டோ

* * *

மீன் பைக்குத் தமிழில் பறி. அப்படியானால் படப்பறி! (வழிப்பறிக்குத் தங்கை.)

– ர.

* * *

க. அவர்களுக்கு: ஊரார் தவறு இலக்கணம் ஆகாது. தோட்பை என்று புணர்த்தால்தான் தோற்பையிலிருந்து பிரியும். தோற்பை தோலால் ஆனது. ‘நீ தோற்பை’ என்றால் தோற்றுப்போவாய் என்றும் பொருள். மாணவன் எதை வாங்குவான்?

பாட்டியின் இடுப்பில் இருக்கும் சுருக்குப்பையையும் எண்ணிப் பாருங்கள். சுருக்கினெம் கலப்பை, சுருக்குப்பை. தொடர்பு தெரியவில்லையா?

– பு.

* * *

நேற்றிரவு மட்டும் ஒன்பது மடல் வந்திருக்கிறது. அதில் ஏழு, ஏர்க்கலப்பை மண்ணைக் கலப்பதால் வந்ததா, உழவன் கலம் என்பதால் வந்ததா என்று. ஒன்று ஜோல்னா பை தமிழா என்று. ஜோல்னா தமிழ் இல்லை, ஆனால் தமிழ் எழுத்தாளர் தோளில் அதுதான் தொங்கியது, போதுமா? மிச்சம் ஒன்று புகைப்படமா நிழற்படமா என்று தொடங்குகிறது. கைகூப்பிக் கேட்கிறேன், அந்தக் கதவைத் திறக்காதீர்கள்.

ஸ்லிங்குக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ‘குறுக்குப்பை’ என்று வைத்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் இன்று மாலைக்குள்.

– வா.

* * *

குறுக்குப்பை நன்று. பேருந்தில் திருடனுக்கும் தோது இல்லை, முன்னால் இழுத்துக்கொள்ளலாம். கேமரா பைக்கு என் ஓட்டு. உள்ளே இருக்கும் ஃபோம் தட்டிக்குத் ‘தடுப்பு’ போதும். சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போடச் சொல்லுங்கள். மழையில் நனைந்த பையை மூடியே வைத்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். எனக்கு ஒன்று அப்படித்தான் போனது.

– ர.

* * *

படக்கருவிப்பைக்கு ஆதரவு இல்லை என்று விளங்குகிறது. சரி, கேமரா பையே இருக்கட்டும். எங்கட பிள்ளைகளுக்கு நான் கமரா பை என்றே சொல்லிக்கொடுப்பேன்.

– க.

* * *

கையேடு அச்சுக்குப் போய்விட்டது. தலைப்பு கேமரா பை. உள்ளே தோள்பை, முதுகுப்பை, குறுக்குப்பை, தடுப்பு. பக்கத்தின் அடியில் அரை அங்குலம் இடம் மிச்சம் இருந்தது. ஐயாவுக்காகப் புறம் 206-இன் அந்த ஒரு வரியைப் பெட்டி கட்டிப் போட்டேன். கையேட்டின் படங்களைக் கவனிக்கிறவர் ஏர் படம் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

– வா.

* * *

நன்றி அம்மா. தோட்பை. பதிவுக்காக.

– பு.

* * *

ஐயா, இன்று காலை ஒரு முகூர்த்தம். உதவிக்கு வரும் பையனிடம் விளையாட்டாக ‘தம்பி, கலப்பையை எடுத்துட்டு வா’ என்றேன். ஒன்றும் கேட்காமல் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறான்.

– ர.