நாலு போல்ட்டிலிருந்து ஐந்து போல்ட்டுக்கு: பிரேக் சாமான் வாங்கிய அனுபவங்கள்

என் வண்டி 1965 ஃபோர்டு மஸ்டாங் கார், ஆறு சிலிண்டர். அதற்கு வீலில் நாலு போல்ட். நான் ஆசைப்பட்ட ரிம் ஐந்து போல்ட்டில்தான் கிடைத்தது. இரண்டுக்கும் போல்ட் வட்டத்தின் விட்டம் ஒன்றேதான், 114.3 மி.மீ. அப்படியானால் வீல் மாட்டும் பழைய பிரேக் டிரம்மிலேயே துளை போட்டுவிடலாமே என்று லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த பெரியவர் டிரம்மைக் கவிழ்த்து வைத்து, சாக்பீஸால் ஐந்து புள்ளி குறித்தார். ஒன்று பழைய துளையில் சரியாக விழுந்தது. அதற்கு இரு பக்கமும் விழுந்த புள்ளிகள் பழைய துளைகளின் மையத்திலிருந்து 18 மி.மீ. தள்ளி நின்றன. ஸ்டட்டின் (வீல் போல்ட்டின்) தடிமனைக் கழித்தால் நடுவே அரை சென்டிமீட்டர் இரும்புதான் மிஞ்சும். "இதில் துளை போட்டுத் தரமாட்டேன் தம்பி" என்று டிரம்மைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவருக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

சரி, எட்டு சிலிண்டர் வி8 மாடலின் ஹப்பும் (வீலின் நடுப்பகுதி) டிரம்மும் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். "மஸ்டாங்குக்கு ஐந்து போல்ட்" என்று மட்டும் கேட்டு வாங்கியதுதான் தப்பு. வி8-இன் ஸ்பிண்டில் (ஹப் சுற்றும் அச்சு) தடிமனானது, பேரிங்கும் பெரியது. ஹப்பை மாட்டிப் பார்த்தால் என் ஸ்பிண்டிலில் லொடலொடவென்று ஆடியது. ஸ்பிண்டிலை மாற்றினேன். அப்புறம் ஸ்டீயரிங்கை வீலோடு இணைக்கும் டை ராட்டின் முனை சேரவில்லை, வி8 ஸ்பிண்டிலில் அந்தத் துளையும் பெரிது. அதையும் மாற்றினேன். இவ்வளவு கழற்றிய பிறகு முன்னால் டிரம் எதற்கு என்று டிஸ்க்குக்கே போய்விட்டேன். பின்னால் 7.25 அங்குல (உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரத்தின் அளவு) ஆக்ஸிலை இறக்கிவிட்டு, வி8-இல் வரும் 8 அங்குல ஆக்ஸிலை அதன் 10 அங்குல டிரம்மோடு முழுசாக ஏற்றினேன். 1967-க்குப் பிந்தைய ஆக்ஸில் சுமார் 2 அங்குலம் அகலம் கூடுதல். வீல் ஆர்ச்சில் டயர் உரசும் என்பதால் அதைத் தவிர்த்தேன்.

உண்மையான பாடம், பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைக் குழாய்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில்தான் கிடைத்தது. 1965-இல் வந்தது ஒற்றை அறை மாஸ்டர். ஒரு குழாய் வெடித்தால் நாலு வீலுக்கும் பிரேக் போய்விடும். அதனால் இரட்டை அறை மாஸ்டர் வாங்கினேன், ஆனால் நாலு வீலும் டிரம்மாக உள்ள வண்டிக்கானதை வாங்கிவிட்டேன். டிரம்முக்கான மாஸ்டரில் குழாய்க்குள் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் சின்ன வால்வு இருக்கும். வீல் சிலிண்டரின் ரப்பர் சுருங்காமல் இருக்க அது வேண்டும். டிஸ்க்குக்கு அதுவே வினை. பேட் டிஸ்க்கை விட்டு விலகவே இல்லை. இருபது நிமிடம் ஓட்டி நிறுத்தியபோது முன் வீலிலிருந்து கருகல் வாடை வந்தது, ஹப் பக்கம் கை வைக்க முடியவில்லை. டிஸ்க்-டிரம் வண்டிக்கான மாஸ்டர் போட்ட பிறகுதான் வீல் கையால் தள்ளினாலே சுற்றியது. அதில் டிஸ்க் பக்கத்து அறை பெரிதாக இருக்கும். பேட் தேயத் தேய, அதை அழுத்தும் காலிப்பர் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் வேண்டுமே.

இதே மாதிரி மாற்றியவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

மறுமொழி 1

எனக்கு நடந்தது தலைகீழ். பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார், 205 மி.மீ. வட்டத்தில் ஐந்து போல்ட். அதை 1968-இல் வந்த 130 மி.மீ. நாலு போல்ட்டுக்கு மாற்றினேன். பின் டிரம் ஆக்ஸிலின் ஸ்ப்ளைனில் (பல் போன்ற வரிகள் உள்ள பகுதி) அழகாக ஏறியது, ஆனால் ஆக்ஸில் முனையில் நட்டுக்குப் போதிய மரை மிஞ்சவில்லை. விசாரித்தால், பீட்டிலில் குட்டை ஆக்ஸில், நீள ஆக்ஸில் என்று இரண்டு உண்டாம். நான் வாங்கியது நீள ஆக்ஸிலுக்கான டிரம். அந்த நட்டு 36 மி.மீ., 217 ஃபுட்-பவுண்டு இறுக்கம் கேட்கும். இரண்டு மரையில் அதை நம்பிக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போக முடியுமா? கழற்றி வைத்துவிட்டேன். என் ஆக்ஸிலின் நீளத்தை அளந்து, அதற்கான டிரம்மைத் தேடிப் பிடிக்க மூன்று மாதம் ஆனது.

இன்னொன்று. பீட்டிலின் பழைய ரிம்மில் போல்ட் உட்காரும் இடம் உருண்டை வடிவம். கடையில் வாங்கும் ரிம் பெரும்பாலும் கூம்பு வடிவம். போல்ட்டையும் ரிம்மையும் சேர்த்து வைத்துப் பார்த்து வாங்குங்கள். மாறிப்போனால் ஒரு கோட்டளவுதான் தொடும், ஓட ஓட தளர்ந்துவிடும்.

மறுமொழி 2

பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் நானே அளந்துவிடுவேன். ஐந்து போல்ட்டில் அடுத்தடுத்த இரண்டின் மையத்துக்கு இடையே 67.2 மி.மீ. இருந்தால் அது 114.3 வட்டம். முதல் பதிவு எழுதிய நண்பருக்கு ஒரு கேள்வி: பின் டிரம்முக்குப் போகும் குழாயில் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு போட்டீர்களா? முன்னால் டிஸ்க் மாற்றிய என் வண்டி, மழையில் பிரேக் மிதித்ததும் பின் வீல் பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் திரும்பிவிட்டது.

முதல் பதிவு எழுதியவர்

போட்டேன், திருகிச் சரிசெய்யும் வகை. காலியான ஈர மைதானத்தில், மெதுவான வேகத்தில் ஆரம்பித்து, ஒவ்வொரு முறையும் கால் சுற்று திருகி மிதித்துப் பார்த்தேன். நண்பர் ஒருவர் வெளியே நின்று எந்த வீல் முதலில் நிற்கிறது என்று பார்த்துச் சொன்னார். எப்போதும் முன் வீல் முதலில் பூட்டும் நிலை வந்ததும், வால்வில் பெயிண்ட்டால் ஒரு கோடு போட்டு விட்டுவிட்டேன்.