பழைய பீங்கான் பூச்சாடியின் கறையை நீக்க வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். காவேரிப்பட்டணத்தில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டைப் பழுதுபார்த்தபோது, பரணில் வைக்கோல் சுற்றி வைத்திருந்த ஒரு ஜோடி பீங்கான் பூச்சாடிகள் கிடைத்தன. அடியில் ஆங்கில எழுத்தில் ‘நிப்பான்’ (ஜப்பானைக் குறிக்கும் ஜப்பானியப் பெயர்) என்று உள்ளது. அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு இறக்குமதி வரிச் சட்டத்தை ஒட்டி, 1891 முதல் 1921 வரை ஜப்பானியர் இம்முத்திரையை இட்டனர் என்றாலும், போலிகளும் உண்டு என்பதால் அதை மட்டும் வைத்து இவை பழையவை என்று நான் முடிவுசெய்யவில்லை.

ஒன்றின் கழுத்தில் மயிரிழை விரிசல் ஓடி, அதில் பழுப்புக் கறை இறங்கியிருக்கிறது. விளிம்பிலுள்ள தங்கப் பூச்சு உரிந்துவிடுமோ என்று அஞ்சி, புளியோ சோப்போ தொடாமல், ஈரப் பஞ்சால் மட்டுமே ஒற்றினேன். தங்கம் கெடாமல் இக்கறையை எடுப்பது எப்படி? உள்ளே கண்ணாடிக் குழல் வைத்து ஓசூர் ரோஜாக்களை அடுக்க மிகவும் ஆசைப்படுகிறேன். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் பழம்பீங்கானைச் சீர்செய்யத் தெரிந்தவர் இருந்தால் அன்புகூர்ந்து தெரிவியுங்கள்.