கைக்குழந்தையின் திடீர் மரணம்: ஸ்கேன் மட்டும் போதாதா?

கடலோடி:
இங்கிலாந்தில், நன்றாக இருந்த கைக்குழந்தை தூக்கத்தில் இறந்துபோனால் கரோனர், அதாவது மரண விசாரணை அதிகாரி, பிரேதப் பரிசோதனைக்கு உத்தரவிடுவார். பெற்றோரின் சம்மதம் தேவையில்லை. அறுப்பதற்கு முன் உடல் முழுக்க எலும்பு எக்ஸ்-ரேயும் எடுக்கிறார்கள். சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் இருக்கும் காலத்தில் அந்தப் பிஞ்சு உடம்பை ஏன் கிழிக்க வேண்டும்? 2013இல் லான்செட் இதழில் லண்டன் மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மொத்தம் 400 பேர், கருக்களும் குழந்தைகளுமாக. எம்.ஆர்.ஐ.யும் ரத்தப் பரிசோதனை போன்றவையும் சேர்ந்து தந்த முடிவு, அறுத்துப் பார்த்த முடிவோடு சுமார் 89 சதவீதம் பேரில் ஒத்துப்போனது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

கதிரொளி:
அந்த 400இல் பெரும்பகுதி வயிற்றிலேயே இறந்த கருக்கள், கடலோடி. பொருத்தம் அதிகமாக இருந்ததும் அங்கேதான். பிறந்த குழந்தைகளில் குறைந்தது. கருவில் தேடுவது பெரும்பாலும் உறுப்புகளின் அமைப்புக் கோளாறு, அது படத்தில் தெரியும். வீட்டில் தூங்கி இறந்த மூன்று மாதக் குழந்தைக்கு நிமோனியா இருந்திருக்கலாம், இதயத் தசை அழற்சி இருந்திருக்கலாம். இறந்த பிறகு எந்தக் குழந்தையின் நுரையீரலும் சி.டி.யில் வெளுப்பாகத்தான் தெரியும். காற்று குறைந்து திரவம் தேங்கிவிடும். அது நோயா, சாவுக்குப் பின் வந்த மாற்றமா என்று படத்தை மட்டும் வைத்துப் பிரிப்பது மிகக் கடினம். நான் கதிரியக்கப் பிரிவில் வேலை பார்ப்பவன், மெஷினைக் குறை சொல்ல எனக்கு ஆசையில்லை.

மல்லி:
எக்ஸ்-ரே எதற்கு என்று யாராவது நேராகச் சொல்லுங்களேன். பெற்றோர் அடித்தார்களா என்று பார்க்கத்தானே?

கதிரொளி:
முக்கியமாக அதற்குத்தான், மறைக்க ஒன்றுமில்லை. முதுகெலும்பை ஒட்டிய விலா முறிவும், நீண்ட எலும்புகளின் நுனியில் வரும் சின்னச் சின்னப் பிளவும் தானாக வருவது அரிது. முதலுதவியில் மார்பை அமுக்கும்போது விலா உடைந்தால் அது பெரும்பாலும் முன்பக்கம். அதே படம் பெற்றோரைக் காப்பாற்றவும் செய்யும். எலும்பு மென்மையாகும் ரிக்கெட்ஸ், பிறவியிலேயே எலும்பு நொறுங்கும் நோய் எல்லாம் அதில் தெரியலாம். ஆனால் முழு உடம்பையும் ஒரே படத்தில் எடுத்துத் தள்ளினால் பயனில்லை. கை, கால், விலா, மண்டை என்று தனித்தனியாக இருபது படத்துக்கு மேல் எடுக்க வேண்டும்.

இன்னொன்று. புதிதாக உடைந்த விலா சாதாரண எக்ஸ்-ரேயில் தப்பிவிடும். உயிரோடு இருக்கும் குழந்தை என்றால் இரண்டு வாரத்தில் மறுபடி எடுப்போம், எலும்பு கூடிய தழும்பு காட்டிக்கொடுத்துவிடும். இறந்த குழந்தைக்கு அந்த இரண்டாவது படம் கிடையாது. அதனால் இங்கே சி.டி. அவசியம் என்று நானும் சொல்வேன்.

கடலோடி:
சரி, அப்புறம் கத்தி எதற்கு? முழுசாக அறுத்த பிறகும் பல குழந்தைகளுக்குக் காரணம் தெரியவில்லை என்றுதானே எழுதுகிறார்கள்? தன் இரு கைக்குழந்தைகளைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட இங்கிலாந்துத் தாய் சாலி கிளார்க்கின் வழக்கை மறந்துவிட்டீர்களா? பரிசோதனை செய்த மருத்துவரே கிருமிப் பரிசோதனை முடிவை எதிர்த்தரப்புக்குக் காட்டவில்லை. 1999இல் தண்டனை, 2003இல்தான் விடுதலை. ஸ்கேன் படம் கணினியில் அப்படியே இருக்கும், பத்து நிபுணர்கள் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

கதிரொளி:
அவரை விடுவித்ததில் பெரும்பங்கு அந்தக் கிருமி முடிவுக்குத்தான்! எந்த ஸ்கேனும் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற அந்தக் கிருமியைக் காட்டியிருக்காது. ஆஸ்திரேலியாவில் கேத்லீன் ஃபோல்பிக் என்ற தாய், தன் நான்கு குழந்தைகளின் சாவுக்காகத் தண்டிக்கப்பட்டு இருபது வருடம் சிறையில் இருந்தார். 2023இல் மன்னிப்பு கிடைத்தது, அதே ஆண்டு தண்டனையும் ரத்தானது. அவருடைய இரண்டு மகள்களிடம் இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடிய மரபணு மாற்றம் இருந்ததைக் காட்டியது சேமித்து வைத்த மாதிரிகள். படங்கள் அல்ல.

இதையும் யோசியுங்கள். முழுப் பிரேதப் பரிசோதனை இல்லாமல் 'திடீர் சிசு மரண நோய்க்குறி' என்று எழுதவே முடியாது, வரையறை அப்படி. 'உறுதி செய்யப்படவில்லை' என்று எழுதினால் ஊர் யாரைப் பார்க்கும்?

மல்லி:
மாதிரிதான் வேண்டும் என்றால் ஊசி போதுமே? லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில் சிறு துளை வழியாகக் கேமரா விட்டு உறுப்புத் துணுக்கு எடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

கதிரொளி:
மருத்துவமனையில் நோய் தெரிந்து இறந்த குழந்தைக்கு, பெற்றோர் மறுத்தால், அருமையான வழி. வீட்டில் காரணமே தெரியாமல் இறந்த குழந்தைக்கு எந்த இடத்தில் குத்துவது? தேட வேண்டியது எங்கே இருக்கிறது என்றே தெரியாதே. இதயத் தசை அழற்சி திட்டுத்திட்டாக வரும், ஊசி பக்கத்தில் போய்த் திரும்பிவிடும்.

கடலோடி:
முதலில் ஸ்கேன், அதில் ஏதாவது இருந்தால் மட்டும் கத்தி. இதையாவது ஒப்புக்கொள்வீர்களா?

கதிரொளி:
'முதலில் ஸ்கேன்' வரை சரி. 'மட்டும்' என்ற இடத்தில்தான் மாட்டேன். ஸ்கேனில் ஒன்றும் இல்லாத குழந்தைகள்தான் அதிகம் வருவார்கள். நுண்ணோக்கி தேவைப்படுவதும் அவர்களுக்குத்தான்.

கடலோடி:
பெற்ற தாயிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

மல்லி:
அதைச் சொல்ல வேண்டியது கரோனர் அலுவலகம், கடலோடி, கதிரொளி அல்ல. எக்ஸ்-ரே எதற்கு என்று அன்றைக்கே சொன்னால் பாதிக் கோபம் குறையும். பின்னால் அறிக்கையில் படித்துத் தெரிந்துகொள்வதுதான் கொடுமை.