வாழைநார்-எப்பாக்சி தட்டு: ஒரே தட்டில் வெட்டிய துண்டுகளின் வலிமை ஏன் இவ்வளவு மாறுகிறது?

மெக்_நாலாம்_ஆண்டு:

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் மெக்கானிக்கல் இறுதியாண்டு, நாலு பேர் பேட்ச். புராஜெக்ட் வாழைநார்-எப்பாக்சி காம்போசிட் (நாரும் ரெசினும் சேர்ந்த கலப்புப் பொருள்).

நாரை 10 மி.மீ. நீளத்துக்கு வெட்டி, எடையில் 30% சேர்த்தோம். அதற்கு முன் 5% காஸ்டிக் சோடாக் கரைசலில் 4 மணி நேரம் ஊறவைத்து, அலசி, வெயிலில் காயவைத்தது. ரெசின் எல்ஒய் 556, ஹார்டனர் எச்ஒய் 951, விகிதம் 10:1. மோல்டு 300 × 300 × 3 மி.மீ. கையால் பரப்பி, மூடி போட்டு, மேலே எடை ஏற்றி 24 மணி நேரம் விட்டோம். ஏஎஸ்டிஎம் டி3039 (காம்போசிட்டுக்கான இழுவிசைச் சோதனைத் தரநிலை) படி 250 × 25 மி.மீ. அளவில் ஐந்து துண்டுகள். கல்லூரி லேபில் இருப்பது 400 கிலோநியூட்டன் ஹைட்ராலிக் யூடிஎம் (துண்டை இழுத்து உடைக்கும் சோதனை இயந்திரம்).

கிடைத்த இழுவிசை வலிமை, மெகாபாஸ்கலில்: 38, 21, 34, 19, 36. எல்லாமே ஒரே தட்டில் வெட்டியவை.

இதற்குச் சராசரி போட்டு ரிவ்யூவில் காட்டலாமா, அல்லது தட்டையே திரும்பப் போட வேண்டுமா? அடுத்து டகுச்சி எல்9 திட்டம் (நான்கு காரணிகளை ஒன்பது சோதனையில் பார்ப்பது) வைத்திருக்கிறோம்: நார் அளவு, நீளம், காரத்தின் (காஸ்டிக் சோடா) அளவு, ஊறும் நேரம், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலைகள். ஒன்பது தட்டு போடுவதற்கு முன்னால் இதைச் சரிசெய்ய வேண்டும்.

சோதனைக்கூடம்:

தம்பி, சராசரி 29.6, திட்ட விலக்கம் 8.9 வருகிறது (எக்செலில் 'எஸ்' உள்ள ஃபார்முலா, 'பி' உள்ளது அல்ல). கிட்டத்தட்ட 30% சிதறல். ஆனால் எண்களை இன்னொரு முறை பாருங்கள். 34, 36, 38 ஒரு கூட்டம். 19, 21 இன்னொரு கூட்டம். நடுவில் ஒன்றுமே இல்லை. பொருளின் இயல்பான சிதறல் இப்படி இரண்டாகப் பிரிந்து நிற்பது அபூர்வம். இரண்டு வேறு காரணங்களால் உடைந்திருக்கின்றன என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். சராசரி போட்டால் அந்தத் தடயம் அழிந்துபோகும்.

உடைந்த துண்டுகளைத் தூக்கிப் போடவில்லையே? ஒவ்வொன்றும் எங்கே உடைந்தது என்று எழுதுங்கள். டி3039-இல் அதற்கு மூன்றெழுத்துக் குறியீடு உண்டு. எல்ஜிஎம் என்றால் குறுக்காக, அளவுப் பகுதியில் (பிடிகளுக்கு இடைப்பட்ட பகுதி), நடுவில். எல்ஐடி என்றால் குறுக்காக, தாடைக்கு (துண்டைக் கவ்வும் இயந்திரப் பிடி) உள்ளே, மேல்பக்கம். தாடையிலிருந்து ஒரு துண்டு அகலத்துக்குள், அதாவது 25 மி.மீ.-க்குள், கணிசமான துண்டுகள் உடைந்தால் பிடிக்கும் முறையையே மறுபரிசீலனை செய்யச் சொல்கிறது அந்தத் தரநிலை.

அடுத்தது இயந்திரம். உங்கள் துண்டின் குறுக்குப்பரப்பு 75 சதுர மி.மீ. 36 மெகாபாஸ்கல் என்றால் உடையும் சுமை 2.7 கிலோநியூட்டன். 400 கிலோநியூட்டன் இயந்திரத்தில் அது முழு அளவில் 0.7% கூட இல்லை. அந்த மூலையில் காட்டும் எண்ணை நம்ப முடியாது. குறைந்த ரேஞ்ச் இருந்தால் அதற்கு மாற்றுங்கள், அந்த ரேஞ்சுக்கு அளவுத்திருத்தச் சான்று இருக்கிறதா என்றும் லேபில் கேளுங்கள். வால்வைக் கையால் திறந்து நிமிடத்துக்கு 2 மி.மீ. வேகம் பிடிப்பதும் நடக்காத காரியம். இரும்புப் பட்டைக்கான தாடையின் பற்கள் கரடுமுரடானவை, 3 மி.மீ. காம்போசிட்டை நொறுக்கிவிடும். 10 முதல் 50 கிலோநியூட்டன் லோடுசெல் (சுமையை அளக்கும் உணரி) உள்ள எலக்ட்ரோமெக்கானிக்கல் யூடிஎம் வேண்டும். கிண்டியில் உள்ள மத்திய பிளாஸ்டிக் நிறுவனமான சிபெட்டில் கட்டணம் கட்டிச் செய்யலாம். பாலிமர் துறை உள்ள கல்லூரிகளிலும் இருக்கும், கைடிடமிருந்து ஒரு கடிதம் கொண்டுபோங்கள்.

இன்னொன்று: கிராஸ்ஹெட் (இயந்திரத்தின் நகரும் தலை) நகர்வை வைத்து யங் குணகம் கணக்கிட்டு ரிப்போர்ட்டில் போடாதீர்கள். அதில் தாடை வழுக்கலும் இயந்திரத்தின் தளர்வும் சேர்ந்திருக்கும். துண்டின் நீட்சியை நேரடியாக அளக்கும் எக்ஸ்டென்சோமீட்டர் இல்லையென்றால் வலிமையோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

ரெசின்_வாளி:

மேலே சொன்னது சரி. ஆனால் தட்டிலும் பிரச்சினை இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

வெட்டுவதற்கு முன்பே தட்டை எடை போட்டிருக்க வேண்டும். கணக்கு இது. நாரின் அடர்த்தி 1.35, கெட்டியான ரெசின் 1.2 என்று வைத்தால், எடையில் 30% நார் உள்ள கலவையின் அடர்த்தி 1.24 வரும். மோல்டின் கொள்ளளவு 270 கன செ.மீ. ஆக ஓரம் சீவிய தட்டு 335 கிராம் இருக்க வேண்டும்: நார் 100, ரெசின் 213, ஹார்டனர் 21, மீதி தசமக் கணக்கு. தட்டு எங்கும் 3 மி.மீ. கனமாக இருந்தும் 312 கிராம்தான் என்றால் ஏறக்குறைய 7% காற்று உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். யூடிஎம் தேவையில்லை, தராசே சொல்லிவிடும். துண்டு துண்டாகத் தெரிய வேண்டுமானால் தண்ணீரில் தொங்கவிட்டு ஆர்க்கிமிடீஸ் முறையில் அடர்த்தி எடுங்கள். 19 வந்த துண்டும் 38 வந்த துண்டும் ஒரே அடர்த்தியா என்று பார்த்தால் பாதி வழக்கு முடிந்தது.

காற்று எங்கிருந்து வருகிறது? முதல் சந்தேகம் ஈரம். வெயிலில் காயவைத்தது போதாது. வாழைநார் சென்னைக் காற்றில் தன் எடையில் பத்து சதவீதம் அளவுக்கு ஈரத்தை வைத்துக்கொள்ளும், கடலோரப் பகுதியில் மழைக்காலத்தில் இன்னும் அதிகம். ஓவனில் 80 டிகிரியில் 4 மணி நேரம் வையுங்கள். ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை எடை போட்டு, எண் மாறாமல் இருந்தால்தான் காய்ந்தது. எடுத்ததும் சிலிக்கா ஜெல்லோடு ஜிப் கவரில் போட்டு மூடி, அன்றே தட்டு போட்டுவிடுங்கள். முந்தின நாள் காயவைத்து மேசையில் பரப்பிவைத்தால் காயவைக்காததும் காயவைத்ததும் ஒன்றுதான்.

இரண்டாவது கலவை. எல்ஒய் 556 ரொம்பக் கெட்டி, தேன்பாகு மாதிரி. ரெசினை மட்டும் 50-60 டிகிரிக்கு இளஞ்சூடாக்கிக் குமிழிகளை வெளியேறவிடுங்கள். பிறகு அறை வெப்பத்துக்கு ஆறியதும்தான் ஹார்டனர். சூடாக இருக்கும்போதே ஊற்றினால் கப்பிலேயே கெட்டியாகிப் புகையும். ஆறிய ரெசினாக இருந்தாலும் 235 கிராமை ஒரு குறுகிய கப்பில் கலக்காதீர்கள், தன் சூட்டிலேயே வேகம் பிடிக்கும். அகலத் தட்டில், இரண்டு பாதியாகக் கலக்குங்கள். அரை மணி நேர வேலைநேரம் என்பது ஏசி அறைக் கணக்கு. ஏப்ரல் மதியத்தில் ஒர்க்‌ஷாப் தகரக் கூரைக்கு அடியில் அது பாதியாகும். காலை ஏழு மணிக்கு ஆரம்பியுங்கள். பத்துக்கு ஒன்று என்பது எடைக் கணக்கு, கன அளவு அல்ல. 0.1 கிராம் காட்டும் தராசு அவசியம்.

மூன்றாவது, மேலே வைத்த எடை. மூடி 3 மி.மீ. ஸ்டாப்பர் (தட்டின் கனத்தை நிர்ணயிக்கும் கட்டை) மேல் உட்கார்ந்துவிட்டால் அதற்கு மேல் எத்தனை செங்கல் அடுக்கினாலும் அழுத்தம் ஸ்டாப்பருக்குத்தான் போகும். ஸ்டாப்பரில் உட்காராத நிலையில் கூட, 50 கிலோவை இந்தப் பரப்பில் பரப்பினால் 5.4 கிலோபாஸ்கல்தான். கம்ப்ரஷன் பிரஸ்ஸில் 1 மெகாபாஸ்கல் கொடுக்க 9 டன் வேண்டும். பிரஸ் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். கிடைக்காவிட்டால் நாரையும் ரெசினையும் ஒரே விகிதத்தில் 10% கூடுதலாக எடுத்து, மூடி இறங்கும்போது ஓரத்தில் வழியவிடுங்கள். வழிவது பெரும்பாலும் ரெசின் மட்டுமே. அதனால் ரிப்போர்ட்டில் போட வேண்டிய நார் சதவீதம், ஓரத்தில் சீவியதைக் கழித்த தட்டு எடையை வைத்து மறுபடி கணக்கிட்டது.

நாரை உதிர்த்துப் பரப்புவதில் சோம்பல் கூடாது. காரத்தில் ஊறிக் காய்ந்த நார் திரித்திரியாக ஒட்டிக்கொள்ளும், சீப்பால் வாரிப் பிரித்தபின் வெட்டுங்கள். 100 கிராமையும் நாலாகப் பிரித்து, நாலு அடுக்காக, ஒவ்வொரு அடுக்குக்கும் ரெசின் ஊற்றி ரோலர் ஓட்டினால் கட்டி விழாது.

காரம் பற்றி ஒரு வரி: ஊறிய பிறகு 1% அசெட்டிக் அமிலத்தில் முக்கி, அலசிய தண்ணீர் லிட்மஸில் நடுநிலை காட்டும்வரை கழுவுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டவே வேண்டாம், ஹைட்ரஜன் கிளம்பும். தண்ணீரில்தான் காரத்தைப் போட வேண்டும், காரத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடியும் நைட்ரைல் கையுறையும் கட்டாயம். ஹார்டனருக்கும் அதே கையுறை.

24 மணி நேரம் முடிந்ததும் 80 டிகிரியில் 3 மணி நேரம் போஸ்ட்-க்யூர் (ரெசின் முழுதாகக் கெட்டியாகச் சூடாக்குவது). இதைத் தவிர்த்தால் இன்று சோதித்த துண்டும் அடுத்த வாரம் சோதிக்கும் துண்டும் வேறு வேறு பொருள்.

மெக்_நாலாம்_ஆண்டு:

நன்றி அண்ணா, நன்றி சார். துண்டுகள் இருக்கின்றன. 19, 21 இரண்டும் தாடைக்குள்ளேயே உடைந்திருக்கின்றன. மற்ற மூன்றும் நடுப்பகுதி. தட்டை எடை போடவில்லை, மீதித் துண்டில் அடர்த்தி எடுக்கிறோம். டி638 (பிளாஸ்டிக்குக்கான இழுவிசைத் தரநிலை) டம்பெல் வடிவம் வெட்டினால் தாடைப் பிரச்சினை போய்விடுமா? டேப் (தாடை கவ்வும் முனைகளில் ஒட்டும் பட்டை) ஒட்டியே ஆக வேண்டுமா?

சோதனைக்கூடம்:

அப்படியானால் 19, 21 பொருளின் வலிமை அல்ல, தாடை நசுக்கிய சுமை. அந்த இரண்டையும் சராசரியில் சேர்க்காதீர்கள். ஆனால் மறைக்கவும் வேண்டாம். அட்டவணையில் 'தாடைக்குள் முறிவு' என்று குறித்து, புதிதாக இரண்டு துண்டு வெட்டிச் சோதியுங்கள்.

டி638 தப்பில்லை. டி3039 உயர்குணக நார்களுக்காக எழுதியது, உங்கள் வெட்டுநார் காம்போசிட்டுக்கு டி638-தான் இன்னும் பொருத்தம் என்று ஒரு தேர்வாளர் வாதாடலாம். டைப் 1 துண்டின் நீளம் 165, நடுக்கழுத்து 13 மி.மீ., வேகம் 5 மி.மீ./நிமிடம். சிக்கல் என்னவென்றால் 10 மி.மீ. நாரை வைத்துக்கொண்டு 13 மி.மீ. கழுத்து வெட்டினால் வளைவிலெல்லாம் நார் அறுபடும், கழுத்துக்குள் அடங்கும் நார்களும் குறையும், சிதறல் கூடும். என் ஓட்டு 25 மி.மீ. பட்டைக்கே.

டேப் கட்டாயமில்லை. எங்கும் ஒழுங்கற்றுக் கிடக்கும் வெட்டுநாருக்குத் தாடைக்கும் துண்டுக்கும் நடுவில் எமரி துணி, சொரசொரப்பு துண்டைப் பார்த்தபடி, பெரும்பாலும் போதும்.

ரெசின்_வாளி:

இதில் எனக்கு ஒப்புதல் இல்லை. எமரி துணி நல்ல மெல்லிய பல் உள்ள தாடைக்குச் சரி. கல்லூரி லேபின் தாடை துணியையும் கடித்து உள்ளே இறங்கும். 1.5 மி.மீ. கண்ணாடிநார்-எப்பாக்சி ஷீட்டை 56 × 25 மி.மீ. அளவில் வெட்டி, இரண்டு பரப்பையும் 120 எமரியால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து ஒட்டுவதற்கு ஒரு மாலை வேலைதான். 10 கிலோநியூட்டன் இயந்திரம் கிடைத்தால் எமரி, கிடைக்காவிட்டால் டேப்.

காரணி_மூன்று:

தட்டு சரியாகட்டும், எல்9-ஐ என்ன செய்வது? ஒன்பது சோதனையில் இருப்பது 8 சுதந்திரக் கூறுகள். நான்கு காரணி, ஒவ்வொன்றுக்கும் 2 என்றால் எட்டும் காலி. பிழைக்கு மிச்சம் பூஜ்யம். அனோவா (காரணிகளின் விளைவைப் பிழையோடு ஒப்பிடும் கணக்கு) அட்டவணையில் எஃப் மதிப்பே வராது. மென்பொருள் ஏதாவது ஒரு காரணியைப் பிழையோடு 'சேர்த்து' ஒரு எண்ணைக் கொடுக்கும். அதை ரிப்போர்ட்டில் போடும் பேட்ச் ஒவ்வொரு ஆண்டும் உண்டு. வைவாவில் தடுமாறுவதும் அவர்களே.

அதைவிடப் பெரிய ஓட்டை: காரத்தின் அளவும் ஊறும் நேரமும் ஒன்றையொன்று சார்ந்தவை. 2 சதவீதத்தில் 8 மணி நேரமும் 8 சதவீதத்தில் 1 மணி நேரமும் செய்யும் வேலையை எல்9 பிரித்துக் காட்டாது. நேரத்தை 4 மணி என்றும் நீளத்தை 10 மி.மீ. என்றும் நிறுத்திவிடுங்கள். நார் அளவு, காரத்தின் அளவு இரண்டை மட்டும் இரண்டு நிலையில் எடுத்தால் 4 தட்டு, நடுப்புள்ளியை (இரண்டு நிலைகளுக்கும் நடு அளவு) மூன்று முறை திரும்பச் செய்தால் 3 தட்டு. மொத்தம் 7, எல்9-ஐ விட இரண்டு குறைவு. பிழையின் அளவும் கையில் கிடைக்கும்.

ஒரே தட்டில் வெட்டிய ஐந்து துண்டுகளை ஐந்து மறுசெய்கையாக எண்ண வேண்டாம். அவை தட்டுக்குள் உள்ள சிதறலை மட்டுமே சொல்லும். அனோவாவுக்குள் போக வேண்டியது தட்டுச் சராசரி. அந்த ஏழு தட்டுகளையும் சீட்டுக் குலுக்கி வரிசை போட்டுச் செய்யுங்கள். குறைந்த நார் எல்லாம் ஐப்பசி மழையிலும் அதிக நார் எல்லாம் தை வெயிலிலும் போட்டால் நாரின் விளைவையும் ஈரத்தின் விளைவையும் யாராலும் பிரிக்க முடியாது.

கூடவே நார் இல்லாத வெறும் ரெசின் தட்டு ஒன்று, காரத்தில் ஊறாத நார்த் தட்டு ஒன்று. குட்டைநார் ஒழுங்கற்றுக் கிடக்கும் காம்போசிட், வெறும் ரெசினை விட வலிமை குறைந்து வருவது சகஜம். அந்த எண் கையில் இல்லாமல் 'நார் வலுவூட்டியது' என்று தலைப்பு வைத்தால் தேர்வாளரின் முதல் கேள்வி அதுதான்.

ஊறவைத்த நார் உண்மையில் மாறியிருக்கிறதா என்று காட்ட எஃப்டிஐஆர் (அகச்சிவப்பு நிறமாலைச் சோதனை) போதும். ஊறாத நாரில் 1735 செ.மீ.⁻¹ அருகே இருக்கும் ஹெமிசெல்லுலோஸின் கார்போனைல் உச்சி, காரம் வேலை செய்திருந்தால் மறையும் அல்லது தேயும். எஸ்இஎம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படத்துக்குப் பணம் செலவழிப்பதானால் நடுவில் உடைந்த துண்டின் முறிவுப் பரப்பைக் கொடுங்கள், தாடைக்குள் நசுங்கியதை அல்ல.

செலவுக்கு: தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் புராஜெக்டுகளுக்கு நிதி தரும் திட்டம் வைத்திருக்கிறது. விண்ணப்பம் கல்லூரி வழியாகப் போக வேண்டும், துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

மெக்_நாலாம்_ஆண்டு:

ஏழு தட்டு + இரண்டு கண்ட்ரோல், கைடு ஒப்புக்கொண்டார். மீதித் துண்டின் அடர்த்தி 1.17 வந்திருக்கிறது.

ரெசின்_வாளி:

1.24-க்கு 1.17 என்றால் 5.6% காற்று. முதலில் ஓவனுக்கு ஸ்லாட் வாங்குங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.