சார்ஜர் விளக்கு பச்சைக்கு மாறவில்லை, எஞ்சின் ஒரு பக்கம் சூடாகிறது: உதவி வேண்டும்

புதுப்பாதை | வெள்ளி, மாலை 6:12

வணக்கம். உடனடியாக உதவி தேவை. என் மாதிரி ரயில் எஞ்சினுக்குள் இருக்கும் பேட்டரிக்கு மதியத்திலிருந்து சார்ஜ் போட்டிருக்கிறேன். சார்ஜரில் சிவப்பு விளக்கு அப்படியே எரிகிறது, பச்சைக்கு மாறவே இல்லை. எஞ்சினின் ஒரு பக்கத்தைத் தொட்டால் சூடாக இருக்கிறது. போனது சார்ஜரா, பேட்டரியா? ஞாயிற்றுக்கிழமை குழந்தைகள் வருகிறார்கள், ஓட்டிக் காட்டுவதாகச் சொல்லிவிட்டேன். புதிய சார்ஜர் வாங்கினால் சரியாகிவிடுமா?

மூன்றாம்_நடைமேடை | 6:19

முதலில் சார்ஜரைக் கழற்றுங்கள், பதில் எழுதுவது அப்புறம். மர மேசையில் இருந்தால் எஞ்சினை எடுத்து வெறுந்தரையில் வையுங்கள். பக்கத்தில் துணியோ காகிதமோ வேண்டாம். பேட்டரிக்குள் இருக்கும் செல் உப்பியிருந்தாலோ, இனிப்பு கலந்த மருந்து நெடி வந்தாலோ வீட்டுக்குள் வைக்காதீர்கள்.

அதன் பிறகு சொல்லுங்கள்: என்ன வகை பேட்டரி? எத்தனை செல்? சார்ஜரின் அடியில் என்ன அச்சிட்டிருக்கிறது? சூடு என்றால் கையை வைத்திருக்க முடிகிற சூடா?

கரிப்புகை | 6:31

இந்தக் கேள்விக்கு நான் பலமுறை விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன். தேடிப் படித்துவிட்டுக் கேட்கும் பழக்கம் வர வேண்டும். பேட்டரியின் வகையைக்கூடச் சொல்லத் தெரியாதவர் லித்தியத்தைத் தொட்டிருக்கவே கூடாது, தம்பி. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு போட்டிருந்தால் இந்த இழைக்கே அவசியம் இருந்திருக்காது.

இரட்டைத்தண்டவாளம் | 6:40

எனக்குச் சார்ஜர் மேல்தான் சந்தேகம். நான்கு செல் பேட்டரி என்று பொதுவாகச் சொல்லி விற்பதில் இரண்டு வகை உண்டு. சாதாரண லித்தியம் அயன் என்றால் செல்லுக்கு 4.2 வோல்ட், மொத்தம் 16.8. லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்றால் செல்லுக்கு 3.65, மொத்தம் 14.6 மட்டுமே. இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு 16.8 சார்ஜரை மாட்டினால் அளவுக்கு மீறி ஏற்றுகிறோம், சூடாகத்தான் செய்யும். பேட்டரி உறையில் 12.8 என்று இருக்கிறதா, 14.8 என்று இருக்கிறதா? அதைப் பார்க்காமல் மறுபடி சார்ஜ் போடாதீர்கள்.

புதுப்பாதை | இரவு 7:05

கழற்றிவிட்டேன். கை வைக்க முடிகிற சூடுதான், இப்போது குறைந்துவிட்டது. உப்பவில்லை, நெடியும் இல்லை. உறையில் 14.8 வோல்ட், 5200 என்று இருக்கிறது. சார்ஜரில் 16.8 வோல்ட், 2 ஆம்பியர். இதே சார்ஜரில் முன்பெல்லாம் பச்சை வந்தது. இப்போதெல்லாம் ஓட்டாமல் இரண்டு நாள் வைத்தாலே பேட்டரி காலியாகிவிடுகிறது.

செல்வட்டம் | 7:14

கடைசி வரியிலேயே விடை இருக்கிறது. ஒரு செல்லில் சார்ஜ் உள்ளுக்குள்ளேயே கசிகிறது. நல்ல லித்தியம் அயன் செல் சும்மா இருந்தால் மாதக்கணக்கில் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். இரண்டு நாளில் காலி, சார்ஜ் முடியவில்லை, சூடு, மூன்றும் ஒரே நோயின் அறிகுறிகள். பேட்டரியை மாற்றுங்கள்.

சிக்னல்_கம்பம் | 7:26

தீர்ப்பு சொல்வதற்கு முன் சில கேள்விகள். பேட்டரியின் ஒரு முனையில் செல்களைக் காக்கும் சிறிய மின்சுற்றுப் பலகை, அதாவது பாதுகாப்புப் பலகை, இருக்கும். சூடானது அந்த முனையா, வெறும் செல் இருக்கும் முனையா? சார்ஜ் போடும்போது எஞ்சினின் சுவிட்ச் எந்த நிலையில் இருந்தது? பச்சை வந்துகொண்டிருந்த காலத்துக்குப் பிறகு எஞ்சினுக்குள் எதையாவது மாற்றினீர்களா?

ஏன் கேட்கிறேன் என்றால், சார்ஜருக்குப் பேட்டரி நிரம்பியது தெரிவது மின்னோட்டம் குறைவதை வைத்துத்தான். முதலில் ஒரே அளவு மின்னோட்டம் தருகிறது. வோல்டேஜ் 16.8ஐத் தொட்டதும் அதை அங்கேயே பிடித்துக்கொள்கிறது, மின்னோட்டம் தானாகக் குறைந்துகொண்டே வருகிறது. பெரும்பாலான சார்ஜர்கள் பத்தில் ஒரு பங்குக்கு, 2 ஆம்பியர் சார்ஜர் என்றால் ஏறத்தாழ 200 மில்லி ஆம்பியருக்கு, இறங்கியதும் நிறுத்திப் பச்சை காட்டும். எஞ்சினுக்குள் வேறு ஏதாவது அந்த அளவுக்கு மேல் இழுத்துக்கொண்டிருந்தால் பச்சை வரவே வராது. அடியில் ஓட்டை உள்ள குடத்தை நிரப்பப் பார்ப்பது போலத்தான்.

செல்வட்டம் | 7:35

அதனால்தான் நான் சார்ஜர் விளக்கையே நம்புவதில்லை. வோல்டேஜையும் மின்னோட்டத்தையும் தனித்தனியாக அமைக்கக்கூடிய மேசை மின்வழங்கியில் 16.8, 1 ஆம்பியர் என்று வைத்துச் சார்ஜ் செய்கிறேன். சார்ஜர் செய்யும் அதே வேலை. மின்னோட்டம் எவ்வளவு என்பது எண்ணாகக் கண் முன்னே தெரிகிறது.

மூன்றாம்_நடைமேடை | 7:41

அதே வேலை இல்லை. மின்வழங்கி தானாக நிறுத்தாது. நீங்கள் தூங்கிவிட்டால் பேட்டரி இரவு முழுவதும் 4.2இலேயே நிற்கும், அது செல்லின் ஆயுளைத் தின்னும். ஒரு செல் மிகக் கீழே, 3 வோல்ட்டுக்கும் கீழே, போயிருந்தால் நல்ல சார்ஜர் முதலில் சிறு மின்னோட்டம் கொடுத்துச் சோதிக்கும். உங்கள் மின்வழங்கி நேராக 1 ஆம்பியரைத் திணிக்கும். இதைப் படித்துவிட்டுப் புதியவர் ஒருவர் 16.8 வோல்ட் சாதாரண அடாப்டரைக் கொண்டு வந்து மாட்டினால் என்ன ஆகும்? அதில் மின்னோட்டக் கட்டுப்பாடுகூட இருக்காது.

செல்வட்டம் | 7:46

அடாப்டரை யார் சொன்னார்கள்? இரண்டையும் அமைக்கக்கூடியது என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். நான் பக்கத்தில் உட்கார்ந்துதான் செய்கிறேன்.

கரிப்புகை | 7:52

பாருங்கள், இத்தனை தலைவலி. நிக்கலில் செல் நிறைந்ததும் வோல்டேஜ் சற்று இறங்கும், சார்ஜர் அதைப் பார்த்து நிறுத்திக்கொள்ளும். பாதுகாப்புப் பலகையும் வேண்டாம், தீப்பிடிக்கும் பயமும் குறைவு. தோட்டத்தில் நீண்ட காலமாக நிக்கலில்தான் ஓட்டுகிறேன். புதியவர்களுக்கு நான் சொல்லும் ஆலோசனை ஒன்றுதான், அவர்கள் கேட்பதில்லை.

சிக்னல்_கம்பம் | 8:03

ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் அந்த இறக்கம் செல்லுக்குச் சில மில்லிவோல்ட்தான். எஞ்சினுக்குள் ஏதோ ஒன்று விட்டு விட்டு இழுத்துக்கொண்டிருந்தால் நிக்கல் சார்ஜரும் அதைத் தவறவிடலாம். சிக்கல் வயரில் இருந்தால் பேட்டரியை மாற்றினாலும் சிக்கல் அங்கேயேதான் இருக்கும்.

படிக்கிறவர்களுக்கு இன்னொன்று: நிக்கல் சார்ஜரை லித்தியம் பேட்டரியில் எந்தக் காரணத்துக்காகவும் மாட்டாதீர்கள். லித்தியத்தில் அந்த இறக்கம் வருவதில்லை. சார்ஜர் அதற்காகக் காத்துக்கொண்டே ஏற்றிக்கொண்டிருக்கும்.

இரட்டைத்தண்டவாளம் | 8:10

நிக்கலும் வேண்டாம், இதுவும் வேண்டாம், இரும்பு பாஸ்பேட்டுக்கு மாறுங்கள் என்பேன். அதே அளவில் கொள்ளளவு குறைவுதான். ஆனால் வெப்பத்தை அதிகம் தாங்கும், கட்டுமீறிச் சூடேறும் ஆபத்து குறைவு. அதே கொள்ளளவுக்கு எடை கூடினாலும் சக்கரப் பிடிமானத்துக்கு நல்லதுதானே?

கரிப்புகை | 8:15

எடைக்கு ஈயம் போதும்.

மூன்றாம்_நடைமேடை | 8:17

பேட்டரி வகைச் சண்டைக்குத் தனி இழை தொடங்குங்கள். இவருக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

புதுப்பாதை | சனி, காலை 9:20

சூடானது பலகை இருக்கும் முனைதான். சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் சார்ஜ் போட்டேன், அதில் சந்தேகமே இல்லை. புதிதாக மாற்றியது என்றால் ரயில் சத்தம் எழுப்பும் ஒலிப் பலகையும் அதோடு ஒரு ரிசீவரும் சேர்த்தேன், அவ்வளவுதான். பேட்டரியை நான் தொடவில்லை.

சிக்னல்_கம்பம் | 9:34

இதைத்தான் கேட்டேன். ஒலிப் பலகைக்குப் போகும் சிவப்பு வயரை எங்கே சாலிடர் செய்தீர்கள்? சுவிட்சுக்கு முன்னாலா, பின்னாலா?

புதுப்பாதை | 9:41

சார்ஜ் சாக்கெட்டின் காலில். அங்கே இடம் வசதியாக இருந்தது.

சிக்னல்_கம்பம் | 9:58

அப்படியானால் சுவிட்சை அணைத்தாலும் ஒலிப் பலகை அணையவில்லை. சார்ஜ் சாக்கெட் நேராகப் பேட்டரியோடு இணைந்திருக்கிறது, அதன் காலில் ஒட்டியது எதுவும் இரவும் பகலும் பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

உறுதி செய்வது எளிது. அந்தச் சிவப்பு வயரைச் சாக்கெட்டிலிருந்து எடுங்கள். மல்டிமீட்டரின் சிவப்பு முனையை 10 ஆம்பியர் துளையில் செருகி, சாக்கெட்டுக்கும் வயருக்கும் நடுவே தொடராக இணைத்து அளந்து பாருங்கள். அதே துளையில் முனை இருக்கும்போது மறந்துபோய் பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்துவிடாதீர்கள், நேரடிக் குறுக்குச் சுற்றாகிவிடும்.

அடுத்து, பேட்டரியிலிருந்து வரும் ஐந்து கம்பி வெள்ளைச் செருகியில் ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் அளந்து எழுதுங்கள். இதற்கு மீட்டர் முனையை வோல்ட் துளைக்கு மாற்ற வேண்டும். செருகிக்குள் கம்பிகள் நெருக்கமாக இருக்கும், முனை வழுக்கி இரண்டைச் சேர்த்துத் தொட்டுவிடக் கூடாது.

புதுப்பாதை | 11:15

230 மில்லி ஆம்பியர் காட்டுகிறது. செல்கள், நேற்று சார்ஜரைக் கழற்றியதும் அளந்து குறித்து வைத்தது: 4.22, 4.23, 4.22, 4.11.

செல்வட்டம் | 11:22

நான்காவது செல்! நான் சொன்னேன்.

சிக்னல்_கம்பம் | 11:47

பகுதி உண்மை. 230 என்பது 200ஐவிட அதிகம், அதனால் பச்சை வரவில்லை. 5200 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியை 230 இழுத்தால் ஒரு நாள்கூடத் தாங்காது. இரண்டு நாளில் காலியானதற்கும் இதுவே காரணம்.

சூட்டுக்கும் விளக்கம் இருக்கிறது. மூன்று செல்கள் 4.2ஐத் தாண்டியதும் பலகையில் உள்ள சமன்செய்யும் மின்தடைகள் அவற்றின் மிகுதியை வெப்பமாக எரிக்கின்றன. சார்ஜர் நிற்காததால் அவையும் நிற்கவில்லை. அதனால்தான் பலகை முனை மட்டும் சூடு. 4.23 என்பது எல்லையின் விளிம்பு. 4.25க்கு மேல் போக விடவே கூடாது. அதற்கு மேல் பலகை துண்டிக்கும் என்பது கடைசிப் பாதுகாப்பு, அன்றாடம் அதை நம்பிச் சார்ஜ் செய்யக் கூடாது.

செய்ய வேண்டியது: ஒலிப் பலகை வயரைச் சுவிட்சுக்குப் பின்னால் மாற்றுங்கள். நடுவே ஒரு ஃபியூஸும் வையுங்கள். சார்ஜ் போடும்போது பக்கத்திலேயே இருங்கள், குழந்தைகள் இருக்கும் அறையில் வேண்டாம். புதிய சார்ஜர் தேவையில்லை.

ஆனால் நான்காவது செல்லை விட்டுவிடக் கூடாது. பேட்டரி திரும்பத் திரும்ப முழுதாகக் காலியாகியிருக்கிறது. அப்படிக் காலியாகும்போது பலவீனமான செல்தான் மற்றவற்றைவிடக் கீழே போகும். 2 வோல்ட்டுக்கும் கீழே கிடந்த செல்லில் உள்ளேயிருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும், மறுபடி ஏற்றும்போது அந்தச் செம்பு படிந்து உட்குறுக்குச் சுற்று வரக்கூடும். உங்கள் செல் அந்த அளவுக்குப் போனதா, சமநிலை மட்டும் கலைந்ததா என்பது இந்த ஒரு அளவில் தெரியாது. சார்ஜ் முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு உடனே ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை அளந்து பாருங்கள். நான்குக்கும் இடையிலான வித்தியாசம் மாறாமல் நின்றால் வெறும் சமநிலைக் கோளாறு. சமன்செய்யும் மின்தடைகள் சில பத்து மில்லி ஆம்பியர்தான் எரிக்கும், அதனால் சமநிலை திரும்பப் பல சார்ஜ்கள் ஆகலாம். நான்காவது மட்டும் இறங்கினால் செல்வட்டம் சொல்வது சரி, பேட்டரியை மாற்றிவிடுங்கள்.

செல்வட்டம் | 12:05

ஒரு வாரம் சும்மா வைத்து அளப்பதை ஏற்றுக்கொள்கிறேன். என் பந்தயம் நான்காவது இறங்கும் என்பதுதான்.

கரிப்புகை | 12:30

சாக்கெட்டின் காலில் சாலிடர் செய்யக் கூடாது என்பதை எஞ்சினைத் திறப்பதற்கு முன்பே யாரிடமாவது கேட்டிருக்கலாம்.

மூன்றாம்_நடைமேடை | 12:38

இப்போது கேட்டிருக்கிறார், தெரிந்துகொண்டார். பேட்டரியைக் கழற்றி வெளியே வைத்துச் சார்ஜ் செய்ய வசதி இருந்தால் இன்னும் நல்லது என்பேன். உடல் மூடிக்குள் சூடு வெளியேற வழியில்லை.

இரட்டைத்தண்டவாளம் | 12:44

ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்து மூடினால் வயர்கள் மடங்கி அறுந்து போகும். அதுவும் குறுக்குச் சுற்றில்தான் முடியும். சாக்கெட் வழியாகவே ஏற்றுங்கள், வயர்களை ஒழுங்காகக் கட்டி வையுங்கள்.

புதுப்பாதை | ஞாயிறு, இரவு 8:50

வயரை மாற்றினேன். பச்சை வந்தது. எஞ்சின் ஓடியது. எல்லோருக்கும் நன்றி.

சிக்னல்_கம்பம் | 9:02

மிகவும் மகிழ்ச்சி. பச்சை வந்தவுடன் நான்கு செல்களையும் அளந்தீர்களா? இல்லையென்றால் அடுத்த சார்ஜ் முடிந்ததும் அளந்து இங்கே எழுதுங்கள். இனி ஓட்டாமல் வைப்பதானால் முழுதாக ஏற்றி வைக்காமல் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள்.

செல்வட்டம் | அடுத்த திங்கள், காலை 7:40

புதுப்பாதை, ஒரு வாரம் ஆகிவிட்டது. நான்காவது செல் எவ்வளவு காட்டுகிறது?